முந்திக்கொண்ட கெட்டிமேளம்

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டையும் அவன் தங்கை போடுவாள். என் அண்ணன் பாலமுருகனுக்குக் கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான். ஆனால் ஆரணி மண்டபத்தில் அபிதகுசாம்பாள் அத்தை காலையிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"கல்யாணம் ஆன பொண்ணுதாம்மா முடிச்சு போடணும். உன் பெரியப்பா பொண்ணு திலகவதி போடட்டும். நீ தாலித் தட்ட எல்லாருக்கும் காட்டிகினு வா, போதும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவேயில்லை. அம்மாவின் தறியில் அறுந்த பட்டு இழைகளை முடிச்சுப் போட்டே வளர்ந்தவள் நான். அண்ணனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்த இரண்டு முடிச்சுக்காகத்தான் காத்திருந்தேன். கல்யாணம் ஆகாதவளாம்! வந்தவாசி அன்புச்செல்வியும் நானும் வேலூரில் குடும்பம் நடத்த ஆரம்பித்து எத்தனையோ பொங்கல் ஆகிவிட்டது. அம்மாவுக்கு அவள் ரூம்மேட். மற்றவர்களுக்கு யாரோ ஃப்ரெண்டு. குடும்பப் படம் எடுத்தபோது, "வெளியாளுங்க அப்புறம் வாங்க" என்றார் அத்தை. அன்பு சிரித்துக்கொண்டே இறங்கிப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

தட்டோடு வரிசை வரிசையாகப் போனேன். தாலியைத் தொட்டுக் கும்பிட்ட ஒவ்வொரு வாயும் "அடுத்தது உனக்குத்தான்" என்றது. அன்பு மட்டும், "நீ போடணும்னு எவ்ளோ ஆசப்பட்ட" என்றாள். அவ்வளவுதான், எனக்குப் பொறுக்கவில்லை.

மேடையேறித் தட்டை ஐயரிடம் கொடுத்துவிட்டு, மணப்பெண்ணின் பின்னால் போய் நின்றேன்.

"இன்னாடி இங்க நின்னுகினு? ஜல்தி எறங்கு," என்றார் அத்தை.

"நான்தான் அத்தை முடிச்சு போடுவேன்."

"மொதல்ல உனக்கு கல்யாணம் ஆவட்டும்."

"ஆயிடுச்சி அத்தை. அதோ, கடைசியில உக்காந்துகினு இருக்காளே அன்புச்செல்வி, அவகூடத்தான் நான்..."

அத்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆகாத பேச்சு காதில் விழாமலிருக்கத்தானே கெட்டிமேளம்? கையை உயர்த்தி ஆட்டி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று கத்தினார்.

மேளக்காரர்கள் என்ன கண்டார்கள்? வெளுத்து வாங்கினார்கள். ஐயர் பதறிப்போய்த் தாலியை அண்ணன் கையில் திணித்தார். அண்ணன் பதற்றத்தில் முதல் முடிச்சைப் போட்டேவிட்டான். திலகவதியோ மகனுக்கு ஈரக் கால்சட்டை மாற்ற அறைக்குப் போயிருந்தாள். மேளம் நிற்பதற்குள் மற்ற இரண்டும் விழுந்தாக வேண்டும். அண்ணன் என்னைப் பார்த்தான்.

"போடு பரிமளா!"

போட்டேன். இரண்டையும் நன்றாக இறுக்கிப் போட்டேன். அட்சதை எங்கள் எல்லார் தலையிலும் விழுந்தது. எனக்கு அழுகை அடங்கவேயில்லை.

மேளம் ஓய்ந்ததும் அத்தை சுற்றியிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். "இந்தப் பொண்ணு இன்னாமோ சொல்லிச்சி. மேளத்துல ஒண்ணும் காதுல உழல."

"எனக்கு உழுந்துச்சி," என்றாள் அம்மா.

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. மருமகளின் மாலையைச் சரிசெய்துகொண்டே என்னிடம் பேசினாள்.

"மொதப் பந்திக்கு வெளியாளுங்கள கூப்புடறாங்க. அந்தப் பொண்ண அதுல ஒக்கார வெச்சிடாதடி. கடைசியில நம்மகூட சாப்புடட்டும். காலைலேர்ந்து ஒண்ணும் சாப்புடல அது, இப்பத்திக்கு ஒரு காபி குடு."