அக்காவின் கையேடும் அத்தானின் கட்டுரையும்

இணையக் கலைக்களஞ்சியத்தில் நீக்க வேண்டிய கட்டுரைகளைப் பார்ப்பது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. சம்பளம் கிடையாது. அன்று பட்டியலில் முதலில் நின்றது, தையல் மெஷின் பழுதுபார்க்கும் கையேடு ஒன்றைப் பற்றிய கட்டுரை. ‘ஈடு இணையற்ற நூல்’ என்று தொடங்கி, ‘பிரதிகளுக்கு உடனே அழைக்கவும்’ என்று முடிந்தது. கீழே இருந்த எண் என் அத்தானுடையது. கையேட்டை எழுதியவள் என் அக்கா.

ஒருவர் நீக்கச் சொல்லியிருந்தார். புதிதாகக் கணக்குத் தொடங்கிய ஒருவர் கூடாது என்றிருந்தார். வெளியார் எழுதிய ஆதாரம் எங்கே என்று கேட்டதற்கு, கையேட்டின் முன்னுரையையே காட்டியிருந்தார். அந்த முன்னுரையை எழுதியதும் அத்தான்தான்.

விவாதத்துக்கு விட்டிருந்த ஒரு வாரம் அன்று மாலையோடு முடிகிறது. நிர்வாகி என்ற முறையில் நானே ‘இருக்கட்டும்’ என்று முடித்துவிடலாம், யாருக்கும் தெரியாது. அந்த எண்ணம் வந்ததுகூடப் பெரிதில்லை, வந்ததும் ஒரு நிம்மதி பரவியதே, அதுதான் என்னைச் சுட்டது. மெஷின் பழுதுபார்க்கும் கடையில் குனிந்து குனிந்து வேலை பார்த்துக்கொண்டே அக்கா எழுதிய புத்தகம். அதற்கு எதிராக நானா கை தூக்குவது?

அவளைப் போனில் கூப்பிட்டேன். அத்தான் செய்த காரியம் அவளுக்கே தெரியாது. கட்டுரையைப் படித்துக் காட்டச் சொன்னாள். ‘முப்பது நாடுகளில் பயன்படுகிறது’ என்ற வரியில் சிரித்துவிட்டாள்.

“முப்பது கடைடி. அதுல நாலு மூடியாச்சு. மனுஷன் ஆசையில அளந்து விட்டிருக்கார்.”

நீக்க வேண்டியிருக்கும் என்று மெல்லச் சொன்னேன்.

“நீ படிச்சியா?”

“இப்பதானே படிச்சேன்.”

“கட்டுரைய கேக்கலடி. புத்தகத்த.”

பொய் சொல்ல வாய் வரவில்லை. அவள் கொடுத்த பிரதி கவர் பிரிக்காமலே அலமாரியில் கிடந்தது. நேரமில்லாததால்தான் என்று நினைத்திருந்தேன். தோண்டிப் பார்த்தால், இவளுக்கு என்ன எழுத வரும் என்ற இளக்காரம்.

“படிச்சிட்டு நீக்கு” என்று போனை வைத்துவிட்டாள்.

மதியம் முழுவதும் படித்தேன். ஒரு வார்த்தை வீணில்லை. நூல் அறுந்தால் மெஷினைத் திட்டாதே, முதலில் ஊசியைப் பார் என்று எழுதியிருந்தாள். நல்ல புத்தகம். ஆனால் அதைப் பற்றி வெளியார் யாரும் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை. அது இல்லாமல் கட்டுரை நிற்காது.

நூலாசிரியர் என் அக்கா, ஆகவே முடிவை நான் எடுக்க மாட்டேன் என்று விவாதப் பக்கத்தில் எழுதினேன். அடுத்த வரியில், நீக்கலாம் என்று என் வாக்கைப் போட்டேன். மாலையில் வேறொரு நிர்வாகி நீக்கினார்.

என் பழைய மெஷினைத் துடைத்து, முதல் பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அக்காவை அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அடிநூல் உருளை உட்காரும் பாபின் கேஸ் கழல மாட்டேன் என்கிறது என்றும் சொன்னேன்.

“கட்டுரைய எடுத்தாச்சா? சரி,” என்றாள். “இப்ப சக்கரத்த உன் பக்கமா சுத்தி ஊசிய மேல தூக்கு. ஃபோன ஸ்பீக்கர்ல போட்டுக் கீழ வச்சிட்டு ரெண்டு கையாலயும் செய்டி. நான் லைன்லயே இருக்கேன்.”