வலி வாங்கி வைத்த பேச்சு

இதில் ஒரு சொல் கூட்டிச் சொல்லியிருந்தாலும் கண் இரண்டும் அவிந்துபோகட்டும். அத்தனையும் நடந்தது.

படங்களுக்குச் சட்டம் போடுகிறவர் ஒருவர் இருந்தார். இடது இடுப்பில் தொடங்கிக் குதிகால் வரைக்கும் ஒரு வலி பத்து வருடமாக அவரோடு குடித்தனம் நடத்தியது. முதலில் விருந்தாளி மாதிரி வந்து போயிற்று. பிறகு நடுவீட்டில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டது. அது வளர வளர, மண்டைக்குள் இருந்த மற்றதெல்லாம் மூட்டை கட்டிக் கிளம்பியது.

முதலில் போனது அளவுகள். பன்னிரண்டுக்குப் பதினாறு என்று அளந்துவிட்டுக் கண்ணாடிப் பக்கம் திரும்புவதற்குள் எண் காணாமல் போகும். ஒரு தடவை, கொடுத்த படத்தை மேசையிலேயே விட்டுவிட்டு, வாடிக்கையாளரின் மூக்குக்கண்ணாடியைச் சட்டத்துக்குள் வைத்து ஆணி அடித்துவிட்டார். அந்த மனிதருக்கு மூக்குக்கண்ணாடி இல்லாததால், சுவரில் என்ன தொங்குகிறது என்று ஒரு மாதம் தெரியவில்லை. இன்னொரு குடும்பப் படத்தில் ஓரத்தை அதிகமாக வெட்டி மாமியாரையே எடுத்துவிட்டார். மறுநாள் அந்த மருமகன் நாலு சிநேகிதர்களோடு வந்து நின்றார், ஆளுக்கொரு குடும்பப் படத்தோடு.

இதையெல்லாம் சிரித்துத் தள்ளலாம். தம்பி வந்ததைத்தான் தள்ள முடியவில்லை.

தம்பி வேறு ஊரில் இருந்தான். அப்பா கண்ணை மூடிய அன்று, கூடியிருந்தவர்கள் முன்னால், “நீயெல்லாம் ஒரு புள்ளையாடா?” என்று அண்ணன் கேட்டதோடு பேச்சு அறுந்து எட்டு வருடம். அப்படிப்பட்டவன் ஒரு பிற்பகல் பஸ் ஏறிவந்து, கடையைத் தேடிக் கண்டுபிடித்து, எதிரே முக்காலியில் உட்கார்ந்தான். அன்றைக்கென்று வலி உச்சியில் நின்றது. அண்ணன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சட்டத்தின் மூலையை இழைப்பதுபோல் குனிந்தபடி, “ம்... ம்...” என்று கொட்டிக்கொண்டிருந்தார். அரைமணி நேரம் கழித்துத் தம்பி எழுந்து, அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனான்.

பதினேழாம் நாள் அவன் இறந்துவிட்டான் என்று செய்தி வந்தது. அதற்கும் இடுப்பு அவரைப் பஸ் ஏற விடவில்லை.

தம்பி மனைவி போனில் கேட்டாள். “அவ்வளவு தூரம் வந்து உங்களைப் பாத்தாரே மாமா, ரெண்டு பேருக்கும் மனசு ஆறிச்சா?”

“ம்,” என்றார். அதற்கும் ‘ம்’தான்.

தம்பி மன்னித்தானா, கடைசியாகத் திட்டித் தீர்த்துவிட்டுப் போனானா? ஒரு வார்த்தைகூட நினைவில்லை. டாக்டரிடம் போய்த் தம்பி வந்த கதையைச் சொல்லி, “என் மறதிக்கு மருந்து குடுங்க” என்றார்.

“இது மறதி இல்லைங்க. மறக்கணும்னா முதல்ல உள்ள போயிருக்கணும். உங்க கவனத்தை மொத்தமா வலியே வாங்கிக்கிச்சு. தம்பி சொன்னது வாசலோட திரும்பிடுச்சு,” என்ற டாக்டர், இடுப்பில் ஒரு ஊசி போட்டார். வலி போன இடம் தெரியவில்லை.

சட்டக்காரர் வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். கவனத்தை வாங்கியது வலி என்றால், தம்பியின் பேச்சை வாங்கியதும் அதுதானே! வாங்கிய ஆளையே விரட்டியாகிவிட்டதே!

அன்றிலிருந்து வலியை வரவழைக்கக் கிளம்பினார். ஆள் உயரக் கண்ணாடிப் பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி எதிர்ச்சுவரில் சாய்ப்பார். முடித்ததும் பழைய சுவருக்கே கொண்டுவருவார்.

“ஏங்க, புத்தி கித்தி பிசகிடுச்சா?” என்றாள் மனைவி. “வலிக்குதுன்னு அழறவங்களைப் பாத்திருக்கேன். வலிக்கலைன்னு அழற மனுஷனை இப்பத்தான் பாக்கறேன்.”

“சும்மா இரு. அவன் சொன்னது அதுகிட்ட இருக்கு.”

“எதுகிட்ட?”

“இடுப்புகிட்ட.”

“அப்ப சோறும் அதுகிட்டயே கேளுங்க.”

ஒன்பதாம் நாள் வலி வந்தது. வெறுங்கையோடு வரவில்லை. பத்து வருடமாகக் கொண்டுபோனதையெல்லாம் திருப்பிக் கொண்டுவந்தது. தொலைந்த அளவுகள் வரிசையாக வந்து நின்றன. மனைவி ஆறு வருடத்துக்கு முன்பு வாங்கிவரச் சொன்ன ஊசிநூலின் நிறம் வந்தது. எடுத்துவிட்ட மாமியார்கள் ஐந்து பேரும் வந்து முறைத்தார்கள். எல்லோருக்கும் பின்னால் முக்காலி, அதில் தம்பி. ஒட்டிய கன்னம், கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. வெண்கல மணி மாதிரிக் குரல், அப்பாவின் குரலேதான்:

“அண்ணே, அந்தப் பேச்சை நான் எப்பவோ மறந்துட்டேன். நீயும் விட்டுடு.”

சட்டக்காரர் மேசைமேல் கவிழ்ந்து அழுதார். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால் அன்றைக்கே கேட்டிருக்கலாமே, பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாமே என்று அழுதார். அதற்குப் பிறகு டாக்டர் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இன்னொரு ஊசி போட்டால் வலி அதையும் எடுத்துக்கொண்டு போய்விடுமே! மனைவி பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது எதுவும் இப்போது அவர் காதில் விழுவதில்லை. “ம்” என்கிறார். அவளும் சொல்வதைக் குறைத்துக்கொண்டாள்.

தம்பிக்குத் தொண்டையில் கட்டி என்று குரல்வளையை எடுத்தது, அவன் கடைக்கு வருவதற்கு ஏழு மாதம் முன்பு.