பந்த் அன்று ஜெயித்த ஃபில்டர்

பந்த் என்று ஊரே கதவைச் சாத்திக்கொண்டு மீன் பொரித்துக்கொண்டிருந்த நாளில் ஜெயப்ரியாவும் அவள் கணவன் கௌசிக்கும் டாக்குரியாவிலிருந்து காரை வெளியே எடுத்தார்கள். ஜப்பானிலிருந்து பழையதாக வந்த சிவப்பு டர்போ கார். துர்கா பூஜை கழிந்ததும் ஒரு பழைய விமானத் தளத்தில் நடக்கும் வேகப் பந்தயத்துக்கு அதைப் பதிந்தாயிற்று. ஒரு காருக்கு ஒருவர்தான் ஓட்டலாம். ஓட்டுவது யார் என்பதில்தான் இரண்டு மாதமாக வீட்டில் சண்டை.

கல்லூரியில் ஒரே வகுப்பில் இன்ஜினியரிங் படித்தவர்கள். விட்டுக்கொடுக்கும் பாடம் மட்டும் இருவருக்கும் நடத்தப்படவில்லை போலிருக்கிறது. கடைசியில் ஜெயப்ரியாதான் வழி சொன்னாள். இன்ஜினுக்குக் காற்று இழுக்கும் அமைப்பை ஆளுக்கொன்று பொருத்திப் பார்ப்பது. எது காரை வேகமாக ஓட்டுகிறதோ, அதைப் பொருத்தியவருக்கு ஸ்டியரிங். பாரபட்சம் வரக் கூடாதென்று இரண்டையும் கௌசிக்கே ஓட்டட்டும் என்றும் அவளே வாயைக் கொடுத்தாள்.

அவனுடையது வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கூம்பு ஃபில்டர். மூடி கிடையாது, பானெட்டுக்குள் பளபளவென்று திறந்தபடி நிற்கும். அவளுடையது பவானிபூர் பட்டறையில் அலுமினியத் தகட்டை வளைத்துச் செய்த மூடிய பெட்டி. பம்பருக்குப் பின்னாலிருந்து வெளிக்காற்றை இழுக்க அதற்கு ஒரு குழாய்.

"டிபன் கேரியர் மாதிரி இருக்கு" என்றான் கௌசிக்.

துறைமுகக் கிடங்குகளுக்குப் பின்னால் லாரி வராத சாலையில், அவனோடு வேலை பார்க்கும் ராஜ்மோகன் ஸ்டாப்வாட்சோடு நின்றான். கூம்பு அரை நொடி முந்தி ஜெயித்தது. டிபன் கேரியர் தோற்றது.

ராத்திரி தோசையைத் திருப்பும்போதுதான் ஜெயப்ரியாவுக்கு உறைத்தது. நல்ல நாள் பார்க்கிறேன் என்று பந்த் நாளைப் பார்த்தவள் அவளேதான். டாக்குரியாவிலிருந்து துறைமுகம்வரை கார் ஓரிடத்திலும் நிற்கவில்லை. ஓடுகிற காருக்கு பானெட்டுக்குள் காற்று வந்துகொண்டே இருக்கும். பந்தயத்தன்று அப்படியா? வரிசையில் வெயிலில் காய வேண்டும். அந்தக் கூம்பு அப்போது இன்ஜினின் சூட்டைத்தானே குடிக்கும்? சூடான காற்று உள்ளே போனால் வேகம் குறையும்.

"பந்த் அன்னிக்குப் பண்ணின டெஸ்ட் செல்லாது. இன்னொரு தடவை பார்க்கணும்."

"தோத்துட்டு ரூலை மாத்தறே."

சுருக்கென்றது. அதில் பாதி உண்மையும் இருந்தது. ஆனாலும் அவள் விடவில்லை.

"மாத்தறேன்தான். பூஜைக்கு முந்தின ஞாயிறு, கூட்டம் நெரியற கரியாஹாட் கடைத்தெரு வழியா போகலாம். காலை நேரம் வேணுமா, உச்சி வெயில் வேணுமா, நீயே எடுத்துக்கோ."

அவன் காலையை எடுத்துக்கொண்டான். அசடு இல்லை அவன்.

அந்த ஞாயிறு கரியாஹாட்டில் புதுத்துணி வாங்க ஊரே திரண்டிருந்தது. காலையிலேயே கார் நத்தை மாதிரி ஊர்ந்தது. துறைமுகச் சாலையை அடைந்ததும் கௌசிக் ஒரே மூச்சில் விரட்டினான். ராஜ்மோகன் வாட்சைப் பார்த்தான், பிறகு கௌசிக்கைப் பார்த்தான். பந்த் அன்று எடுத்ததைவிட முக்கால் நொடி கூடுதலாகியிருந்தது. கௌசிக் பானெட்டைத் தொட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டான்.

வீட்டுக்குத் திரும்பி, சூடு ஆறியதும் ஜெயப்ரியா தன் பெட்டியை மாட்டினாள். பன்னிரண்டு மணி வெயிலில் மறுபடி அதே கூட்டம், அதே ஊர்வலம். ராஷ்பிஹாரி சிக்னலில் நின்றபோது பானெட்டின் மேல் அப்பளம் சுட்டிருக்கலாம்.

துறைமுகச் சாலையின் தொடக்கத்தில் அவன் காரை நிறுத்தினான். அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. எந்த நேரத்தைத் தாண்ட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். பெடலில் காலைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், ஸ்டியரிங் அவனுடையது. வாட்சுக்கு அது தெரியாது. இவனையே ஓட்டச் சொன்ன தன் புத்தியை நொந்துகொண்டாள்.

கார் பாய்ந்தது. ஜெயப்ரியா சாலையைப் பார்க்கவில்லை. அவன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பு நுனி பெடலைத் தரையோடு அழுத்தியிருந்தது. கியர் மாற்றும் நேரம் தவிர அது எழவில்லை. எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகும் ஒரு கணம் அங்கேயே இருந்தது.

ராஜ்மோகன் ஓடிவந்தான். அவனும் தமிழன்தான், ஆனாலும் அண்ணி என்பதை வங்காளிகள் மாதிரி பௌதி என்றுதான் சொல்வான். "பௌதி, பந்த் அன்னிக்கு என்னவோ அதேதான். ஒரு மயிரிழைகூட ஏறலை. இன்னிக்குக் கூம்பைவிடக் கால் நொடி முன்னாடி."

அவள் காதில் விழுந்ததா தெரியாது. கண் கலங்கியிருந்தது. சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

கௌசிக் இறங்கி, காரைச் சுற்றி வந்து அவள் பக்கக் கதவைத் திறந்தான்.

"நீ அந்தப் பக்கம் போ. சீட்டை முன்னாடி இழுத்துக்கோ, உனக்குக் கால் எட்டாது."