சிலைக்குப் பட்டுச் சாத்தியவனின் அம்மா எழுதும் கடிதம்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. என் தலையில் கட்டினார்கள். போன செவ்வாய்க்கிழமை காலை, என் சாயப்பட்டறையில் அரக்கு நிறம் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில், எங்கள் தெருவில் தறி நெய்யும் தில்லையம்மாள் ஒரு கட்டு வெள்ளைத் தாளோடு வந்து நின்றாள்.

"அண்ணா, நீ கதையெல்லாம் எழுதற ஆளு. எனக்கு ஒரே ஒரு லெட்டர் யோசிச்சிக் குடு. நான் பாத்து எழுதிக்கிறேன்."

வெளிநாட்டுச் சிறையில் இருக்கும் மகன் லோகேஸ்வரனை விடச் சொல்லி, அந்த நாட்டு அரசுக்கு எழுத வேண்டிய கருணை மனு அது.

நான் எழுதிய கதைகள் மொத்தம் ஆறு. இரண்டு அச்சில் வந்தன, நான்கு திரும்பி வந்தன. அதை அவளிடம் சொல்லவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டேன். அந்தத் தலையாட்டலுக்குத்தான் நான்கு நாளாக அனுபவிக்கிறேன். எழுத உட்கார்ந்தால் கடிதம் வரவில்லை. அது வர வேண்டிய இடத்தில் இந்தக் கதை வந்து உட்கார்ந்துகொண்டது.

2

முதல் தொடக்கம்: "ஏகாம்பரநாதர் கோபுரத்தின் மேல் இளஞ்சூரியன்—"

வேண்டாம். காஞ்சிபுரம் என்றாலே சூரியனைத் தூக்கிக்கொண்டுபோய்க் கோபுரத்தின் மேல் வைத்துவிடுகிறோம். இந்த விஷயத்தில் கோபுரம் எதுவும் செய்யவில்லை.

இரண்டாம் தொடக்கம்: "கைதானபோது லோகேஸ்வரனுக்கு வயது இருபத்து நான்கு. அவன் ஒரு—"

அவன் ஒரு என்ன? டிவியில் 'காஞ்சிபுரம் வாலிபர்' என்றார்கள். அந்த நாட்டுப் பத்திரிகை 'அந்நியச் சதிகாரன்' என்றதாம். எங்கள் தெரு 'திமிர் புடிச்ச பையன்' என்றது. அவன் அம்மா 'கொழந்த' என்கிறாள். நாலு பேர் நாலு லோகேஸ்வரனைக் கொடுத்தால், எழுதுகிறவன் எவனைப் பிடித்து உட்காரவைப்பது? எரிச்சல்தான் வருகிறது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

3

லோகேஸ்வரன் செவிலிமேட்டில் செல்போன் ரிப்பேர் பார்ப்பவன். ஊர் சுற்றி வீடியோ போடுவான். பார்ப்பவர்கள் நானூறு பேர், அதில் பாதி எங்கள் தெரு. குறைந்த விலையில் டிக்கெட் கிடைத்தது என்று போன மார்ச்சில் அந்த நாட்டுக்குக்* கிளம்பினான். தில்லையம்மாள் அவன் பையைத் திறந்து, துணிகளுக்கு மேலே ஒரு பட்டுத் துண்டை வைத்தாள். அவள் தறியில் நெய்தது. அரக்கு உடல், மஞ்சள் கரை. (நூலுக்குச் சாயம் ஏற்றியது நான். இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.)

"இது இன்னாத்துக்குமா? வெயிட் ஏறிடும்."

"போற ஊரு சாமிக்கு சாத்துடா. வெறுங்கையோட போயி நிப்பியா?"

மூன்றாம் நாள் அவன் கூப்பிட்டான். அவள் தறியை விட்டு இறங்காமல், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினாள்.

"அம்மா, இங்க கோயிலே இல்லம்மா. தேடிப் பாத்துட்டேன்."

"கோயில் இல்லாத ஊரு ஏதுடா? ஜனங்க எங்கியாவது கும்புடுவாங்கல்ல?"

"ஊரு நடுவுல ஒரு சிலை இருக்குது. இவங்க தலைவரு. எல்லாரும் வரிசையா வந்து பூ வெச்சி, குனிஞ்சி கும்புட்டுக்கினு போறாங்க."

"அப்ப அவருக்கே சாத்திடு. அந்த ஊருக்கு அவருதான்னா அவருதான்."

சொல்லிவிட்டு அவள் மறுபடியும் நெய்ய ஆரம்பித்தாள். அவளைப் பொறுத்தவரை அந்தப் பேச்சு அங்கே முடிந்துவிட்டது. எங்கள் ஊரில் இது ஒரு விசேஷமே இல்லை. சாமிக்குப் பட்டு, சம்பந்திக்குப் பட்டு, வார்டு கவுன்சிலருக்குச் சால்வை, செத்தவர் மேலும் ஒரு துண்டு. மரியாதை என்றால் துணி. வேறு விதமாகக் காட்ட எங்களுக்குத் தெரியாது.

வீடியோ பதினோரு செகண்டு. போனை எதிரே எங்கேயோ நிறுத்திவைத்துவிட்டுப் பீடத்தில் ஏறுகிறான். தலைவர் தோளில் துண்டைச் சாத்துகிறான். காற்று அடித்துத் துண்டு மேலே பறந்து தலைவர் முகத்தை மூடுகிறது. இவன் போனைப் பார்த்துச் சிரிக்கிறான். அவ்வளவுதான். அதை அப்படியே போட்டும்விட்டான், அறிவுகெட்டவன். சாயங்காலம் அறைக்கு வந்து அழைத்துக்கொண்டு போனார்கள்.

பீடத்தில் கால் வைத்ததற்கு இரண்டு வருஷம். பிணத்துக்கு மூடுவதுபோல் முகத்தை மூடியதற்கு நான்கு. சிரித்ததற்கு மூன்று. ஆக ஒன்பது. காற்றை மட்டும் விட்டுவிட்டார்கள்.

* நாட்டின் பெயரை எழுதவில்லை. எழுதினால், அங்கே யாராவது இதைப் படித்து, இந்தக் கதைக்கென்று தனியாக மூன்று வருஷம் சேர்ப்பார்கள். உள்ளே இருக்கப்போவது அவன்தான், நானில்லை.

4

எனக்கு அவன் மேல் சந்தேகம் இருந்தது. ஒளிப்பானேன்? அந்தச் சிரிப்பை இருபது தடவை பார்த்தேன். நானூறு பேருக்காகச் செய்த வேடிக்கைபோலத்தான் தெரிந்தது. எழுதுகிறவன் தன் ஆளை நம்ப வேண்டும். நம்பாமல் எழுதினால் அது போலீஸ் ரிப்போர்ட். புதன்கிழமை கேட்டேவிட்டேன்.

"ஏம்மா, அவன் எதுக்கு சிரிச்சான்?"

"அவன் எதுக்குண்ணா சிரிக்கல? அவங்கப்பா காரியத்தன்னிக்கு ஐயரு பேர மாத்திச் சொன்னாருன்னு சிரிச்சவன்."

"கிண்டலுக்கு ஏறினானோன்னு..."

தில்லையம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் சாயத் தொட்டியே ஆறிப்போயிருக்கும்.

"கிண்டல் பண்றவன் ஏறறதுக்கு முந்தி செருப்ப கழட்டி வெப்பானா?"

போனை வாங்கி மறுபடி பார்த்தேன். முதல் செகண்டு. பீடத்தின் அடியில், ஓரமாக, ஜோடியாக, ரப்பர் செருப்பு. டிவிக்காரர்கள் பார்க்கவில்லை. நீதிபதி பார்க்கவில்லை. இருபது தடவை பார்த்த நானும் பார்க்கவில்லை.

5

கடிதம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். வெளிநாட்டுச் சிறையில் மாட்டியவர்களுக்கு உதவும் சென்னை ஆட்களில் பிரியதர்ஷினி என்று ஒரு பெண். தில்லையம்மாளுக்கு மனு எழுதச் சொன்னதே அவள்தான். அவளைக் கூப்பிட்டுச் செருப்பைச் சொன்னேன்.

"சார், செருப்பு மேட்டரெல்லாம் வேணாம் சார். எக்ஸ்பிளனேஷன் குடுத்தாலே, எங்க தீர்ப்பு தப்புன்னு சொல்றியான்னு கேப்பாங்க. தலைவர் பொறந்தநாளுக்கு மன்னிப்பு லிஸ்ட் வரும். அதுல பேரு வரணும்னா அம்மா தன் கையால, 'என் மகன் அவமதிக்கும் எண்ணத்தோடு திட்டமிட்டே செய்தான்'னு ஒரு வரி எழுதியே ஆகணும்."

"அது பொய்யாச்சேமா."

"தெரியும் சார். போன வருஷம் எழுத மாட்டேன்னு நின்ன வீட்டுப் பொண்ணு இன்னும் உள்ளதான் இருக்கு. எழுதினவங்கள்ல ரெண்டு பேரு வந்துட்டாங்க."

"எழுதினா நிச்சயம் விட்டுடுவாங்களா?"

"நிச்சயம்லாம் சொல்ல முடியாது சார். லெட்டர டிவில வாசிச்சிட்டு, அப்படியே உள்ள வெச்சிருக்கறதும் உண்டு." அடுத்த விதிக்குப் போனாள். "ஒரே கையெழுத்தா இருக்கணும். வேற கை தெரிஞ்சா தள்ளிடுவாங்க. சனிக்கிழமை நாலு மணிக்குள்ள கூரியர்ல போட்டுடுங்க சார்."

என் கதைகளைத் திருப்பி அனுப்பிய பத்திரிகைக்காரர்களை இத்தனை நாளும் திட்டிக்கொண்டிருந்தேன். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். 'முடிவை மாற்றுங்கள்' என்று சொன்ன ஒருவரிடமும் ஜெயில் இல்லை.

6

முடிவுகள்.

(அ) தில்லையம்மாள் அந்த வரியை எழுதுகிறாள். மகன் இளைத்துப்போய் வந்து இறங்குகிறான். தெருவில் யாரோ கேட்கிறார்கள், "ஏம்பா, அப்ப நெஜமாவே அவமானம் பண்ணத்தான் ஏறினியா? உங்கம்மாவே எழுதிக் குடுத்தாங்களாமே." அவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்து—

(ஆ) எழுதவில்லை. அவன் முப்பத்து மூன்று வயதில் வருகிறான். அவள் உண்மை பேசியவள். உண்மை பேசியவள் பஸ் ஸ்டாண்டில்—

(இ) தலைவர் செத்துப்போகிறார். புதுத் தலைவர் வருகிறார். புதுச் சிலையும் வருகிறது. நாசமாய்ப் போக, இதை எழுதியதே தப்பு.

7

இன்று சனிக்கிழமை. இரண்டு மணிக்கு அவள் பட்டறைக்கு வந்தாள். நான் சொல்லிக் கொடுத்த மனுவைச் சுத்தமாக எழுதி எடுத்து வந்திருந்தாள். 'பெருமதிப்பிற்குரிய' என்பதில் ஒரு அடித்தல்கூட இல்லை. நடுவில் ஒரு வரிக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

"இது இன்னாம்மா, காலியா இருக்குது?"

"அது நீ போடுணா."

"ஒரே கையா இருக்கணும்னாங்களே."

"உன் கையும் என் கையும் ஒண்ணுதாண்ணா. ஒரே சிலேட்டுல கத்துக்கினோம்."

உண்மைதான். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு நடத்திய அறிவொளி வகுப்பில் சிலேட்டு இரண்டு பேருக்கு ஒன்று. எனக்கு அப்போது முப்பது தாண்டிவிட்டது, மூன்று வேளையும் சாயம். அவள் பள்ளிக்கூடம் போகாமல் தறியில் உட்காரவைக்கப்பட்ட பெண். சொல்லிக்கொடுத்த டீச்சர் 'ன' எழுதினால் வால் கோட்டுக்குக் கீழே தொங்கும். எங்கள் இரண்டு பேருக்கும் இன்றுவரை தொங்குகிறது.

"சாத்தச் சொன்னது நான். அவன் நான் சொன்னதத்தான் செஞ்சான். அத 'திட்டமிட்டே செய்தான்'னு எழுதிட்டு, இதே கையால அவனுக்கு எப்பிடிண்ணா சோறு போடுவேன்?"

"அப்ப எழுத வேணாம்ன்றியா?"

"வேணாம்னா இடம் விட்டுக்கினு வருவனா?"

கத்திவிட்டு, அவளே குரலை இறக்கிக்கொண்டாள்.

"இன்னா போட்டன்னு எங்கிட்ட சொல்லாத. கவர்ல போட்டு ஒட்டிக் குடுத்துடு. கூரியர்ல போட்டுட்டு வந்துடறேன்."

பட்டறை வாசலில் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவினேன். நகக்கண்ணில் சிவப்பு போகவில்லை. தாளைத் தொட்டால் ஒட்டுமோ என்று ஓரத்தில் பிடித்திருக்கிறேன். அந்த இடத்தில் அவர்கள் கேட்ட வரி சரியாகப் பொருந்தும். 'என் மகன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மேலே ஏறினான்' என்பதும் பொருந்தும். அளந்து பார்த்துவிட்டேன். அதுதான் கோபம் கோபமாக வருகிறது. ஒன்றாவது பொருந்தாமல் போயிருக்கக் கூடாதா?

மணி மூன்றரை. கதை என்றால் முடிவை நான் சொல்ல வேண்டும் என்பீர்கள். இவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்து படித்தீர்கள் அல்லவா? நாலு நாளாக எனக்குக் கை வலிக்கிறது. இடம் இதுதான்:

.................................................................................

யார் எழுதினாலும் 'ன'வின் வாலைக் கோட்டுக்குக் கீழே இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் தள்ளிவிடுவார்கள்.