ஏழுக்கு ஐந்து

லீக் அலுவலகத்தின் பெரிய அறையில் பன்னிரண்டு நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. ஊரெங்கும் நோய். கால்பந்து நின்று நான்கு மாதம் ஆகியிருந்தது. இரண்டாம் பிரிவில் இருந்த பன்னிரண்டு கிளப்புகளுக்கும் இன்னும் ஐந்தைந்து ஆட்டங்கள் பாக்கி. அவற்றை ஆளில்லாத மைதானத்தில் ஆடி முடிப்பதா, இல்லை இன்றைய புள்ளிப் பட்டியலையே முடிவாக வைத்துக்கொண்டு கதவைச் சாத்துவதா என்று அன்றைக்கு ஓட்டெடுப்பு. கிளப்புக்கு ஓர் ஓட்டு. ரகசிய ஓட்டு.

பச்சை அணியின் ஓட்டைப் போட வந்தவள் அதன் செயலாளர். பதினாறு வருடமாக அந்த வேலையில் இருந்தாள். ஆட்டக்காரர்களைப் பதிவு செய்வதிலிருந்து நடுவருக்குக் குடிதண்ணீர் வைப்பது வரை எல்லாம் அவள் தலையில்தான். அவள் தூக்கத்தில் புரண்டு படுத்தாலும் விதிமுறைப்படிதான் புரள்வாள் என்று மற்ற கிளப்காரர்கள் கேலி செய்வார்கள். கிளப்பின் தலைவர் நோயில் படுத்திருந்தார். "நீயே போய் போட்டுட்டு வாம்மா. நம்ம கிளப்புக்கு எது நல்லதோ அதைப் போடு. என்கிட்ட கேக்காத, எனக்குப் பேசவே மூச்சு வாங்குது" என்று சொல்லிவிட்டார்.

பட்டியலின் கடைசியில் மஞ்சள் அணி இருந்தது. கடைசி இடத்தில் முடிக்கிற கிளப் தொழில்முறைப் பிரிவை விட்டே வெளியேற வேண்டும். அந்த மஞ்சள் அணியின் கோல்கீப்பரும் கேப்டனும் அவள் கூடப்பிறந்த தம்பி.

அன்று காலை அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அவன் போன் செய்தான்.

"அக்கா, உன் ஓட்டு ஆடறதுக்குத்தானே?"

"காலங்காத்தால இதுக்காடா போன் பண்ணின?"

"சும்மா கேட்டேன். நானே எண்ணிப் பார்த்தேன், உன்னையும் சேத்தா ஆறு வருது. சரிபாதி வந்தா ஆடித்தான் ஆகணும்னு விதி. அஞ்சு ஆட்டம் போதும் அக்கா. நாங்க மேல வந்துடுவோம்."

"கவலைப்படாம இரு" என்றாள் அவள்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. சீசன் நின்றதற்கு முன்னால் மஞ்சள் அணி மூன்று ஆட்டம் தொடர்ந்து ஜெயித்திருந்தது. மூன்றிலும் அவன் ஒரு கோல்கூட விடவில்லை. கீழே கிடந்த நான்கு கிளப்புகளுக்கும் இடையே இருந்தது நான்கே புள்ளி. அந்த நான்கில் பச்சையும் ஒன்று. பச்சை அணியின் முன்னணி ஆட்டக்காரர்கள் இருவருக்கு முழங்கால் போய்விட்டது. இன்னொருவன் நோய்க்குப் பயந்து தன் நாட்டுக்குப் போனவன், எல்லையை மூடிவிட்டதால் அங்கேயே மாட்டிக்கொண்டான். மறுபடி ஆடினால் ஐந்திலும் உதை வாங்குவோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அப்புறம் புல் வெட்டுகிறவர், சட்டை துவைக்கிற அம்மா, பஸ் ஓட்டுகிறவர் என்று முப்பத்தொரு பேர் நடுத்தெருவில். தம்பி போன் செய்வதற்கு இரண்டு நாள் முன்பே அவள் முடிவு செய்திருந்தாள்.

ஓட்டுச் சீட்டில் இரண்டு கட்டங்கள். 'ஆடலாம்', 'முடிக்கலாம்.' அவள் இரண்டாவதில் டிக் போட்டு மடித்தாள். மடித்த பிறகுதான் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள். கிளப் நிறம் என்று அவள் எப்போதும் பச்சை மையில்தான் எழுதுவாள். அந்த அறையில் வேறு யாரிடமும் பச்சைப் பேனா இருக்க வாய்ப்பில்லை. வேறு சீட்டுக் கேட்கலாமா என்று யோசிப்பதற்குள் பெட்டி அவள் முன்னால் வந்துவிட்டது.

அங்கிருந்தவர்களில் மூத்தவர் என்று துறைமுகக் கிளப்பின் செயலாளரைச் சீட்டுகளைப் பிரிக்கச் சொன்னார்கள். அறுபது வயது மனிதர், நிதானமானவர். துறைமுகத்தார் என்றே எல்லாரும் அழைப்பார்கள். ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து, படித்து, இரண்டு அடுக்காக வைத்தார். ஒரு சீட்டில் மட்டும் அவர் கை சற்று நின்றது. தலை நிமிரவில்லை. "முடிக்கலாம்" என்று மற்றதைப் போலவே படித்து, அடுக்கில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

முடிக்கலாம் ஏழு. ஆடலாம் ஐந்து.

மஞ்சள் கிளப்பின் முதலாளி ஒன்பது நாள் தாக்குப்பிடித்தார். இரண்டாம் பிரிவில் இல்லாத அணிக்கு யார் விளம்பரம் தருவார்கள் என்று கேட்டுவிட்டு, எழுபது வருட கிளப்பை ஒரு பக்க அறிக்கையில் இழுத்து மூடினார்.

சனிக்கிழமை மத்தியானம் ஆட்டக்காரர்கள் தங்கள் அலமாரிகளைக் காலி செய்தார்கள். தம்பிக்கு ஒத்தாசையாக அவளும் போனாள். போகாமல் இருந்தால் தப்பாகத் தெரியும் என்று போனாள் என்பதுதான் சரி. உடை மாற்றும் அறையில் இருபத்தொரு வயதுப் பின்கள ஆட்டக்காரன் ஒருவன் தன் அலமாரிக் கதவிலிருந்த பெயர்ச் சீட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். முழுதாக வரவில்லை. பாதிப் பெயர் கையோடு வந்தது, பாதி கதவிலேயே நின்றுவிட்டது.

தம்பி ஒரு அட்டைப்பெட்டியை அவளிடம் நீட்டினான். "நீ ஒருத்தி எங்களுக்குப் போட்டும் பிரயோஜனம் இல்லாமப் போச்சு பாரு" என்றான்.

அவள் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

அப்போதுதான் துறைமுகத்தார் உள்ளே வந்தார். கையில் தொப்பியை வைத்துக்கொண்டு, "எங்க பயிற்சி மைதானம் காலைல சும்மாதான் கிடக்கு. உங்க பசங்களுக்கு வேற கிளப் கிடைக்கிற வரைக்கும் அங்க வந்து பயிற்சி பண்ணட்டும். அதைச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

தம்பி திரும்பினான். பட்டியலில் மஞ்சளுக்கு ஒரு படி மேலே இருந்தது துறைமுகக் கிளப். முடித்தால் முதலில் தப்பிக்கப் போவது அவர்கள்தான். ஓட்டைக் கவிழ்த்தது யார் என்று ஊரே அதை வைத்துத்தான் பேசிக்கொண்டிருந்தது.

"முதுகுல குத்திட்டு மருந்து போட வந்தீங்களா சார்?"

"தம்பி..."

"நாங்க ஜெயிச்சு வந்தா உங்க சீட்டு கிழிஞ்சிருக்கும். அந்தப் பயத்துல ஓட்டுப் போட்டு எங்களைப் புதைச்சிட்டு, இப்ப மைதானம் தர்றேன்னு வர்றீங்க. வெக்கமா இல்லையா உங்களுக்கு? வயசுக்கு மரியாதை குடுத்து இதோட நிறுத்திக்கிறேன். போயிடுங்க."

அறையில் இருந்த இருபது பேரும் துறைமுகத்தாரையே பார்த்தார்கள். அவர் ஒரே ஒரு தடவை அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"சரி தம்பி. கேட் திறந்தே இருக்கும். யாருக்கு வேணுமோ வரட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியேறினார்.

பெட்டியைக் காரில் வைக்கிற சாக்கில் அவள் அவர் பின்னாலேயே போனாள். அவர் தன் பழைய காரின் கதவைத் திறக்க மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க ஆடலாம்னுதானே போட்டீங்க?"

"ஆமா. அஞ்சு ஆட்டம் ஆடித் தோத்தா தோத்துட்டுப் போறோம்னு போட்டேன்."

"அவன்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"என் ஓட்டை நான் சொல்லியிருப்பேன். அப்புறம் மாத்திப் போட்டது யாருன்னு கேப்பான். அது நான் சொல்ற விஷயமாம்மா?" கதவு திறந்துகொண்டது. உட்கார்ந்த பிறகு கண்ணாடியை இறக்கினார். "முதல்ல அந்தப் பேனாவை மாத்துங்க" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நான் செய்தது என் வேலை, முப்பத்தொரு பேரைக் காப்பாற்றினேன் என்று தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடிப் பார்த்தாள். வழக்கு ஒவ்வொரு முறையும் ஜெயித்தது. ஆனாலும் 'கவலைப்படாம இரு' என்று சொன்ன தன் குரல் காதை விட்டுப் போகவில்லை.

மூன்றாவது வாரம் பச்சை அணியின் கீப்பர் வேறு கிளப்புக்குத் தாவினான். தலைவர் இப்போது எழுந்து நடமாட ஆரம்பித்திருந்தார். "உன் தம்பி சும்மாதானே இருக்கான்? நல்ல கீப்பர். ரெண்டு வருஷத்துக்கு எழுதிக் குடு" என்றார். ஒப்பந்தத்தை அவளே தயாரித்தாள். கறுப்பு மையில் தன் கையெழுத்தைப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். அவர்களுடைய மகள், "அத்தை, அப்பா இனிமே பச்சைச் சட்டையா?" என்று கேட்டுவிட்டு விளையாட ஓடினாள். தம்பி காகிதத்தை ஒரு வரி விடாமல் படித்தான். அவன் முகம் பல நாளுக்குப் பிறகு தெளிந்திருந்தது.

"நீ இல்லன்னா நான் என்ன ஆகியிருப்பேன்னு தெரியல அக்கா. பேனா இருக்கா?"

அவள் பேனாவைக் கொடுக்கவில்லை.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். துறைமுகத்தார் ஆடலாம்னுதான் போட்டாரு. முடிக்கலாம்னு போட்டது நான்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. தம்பி அவளையே பார்த்தான். விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று தேடுகிற பார்வை. பிறகு காகிதத்தை மேசை மேல் மெதுவாக வைத்தான்.

"எப்ப முடிவு பண்ணின? நான் போன் பண்றதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"முன்னாடி. ரெண்டு நாள் முன்னாடி."

"அப்புறம் ஏன் கவலைப்படாதன்னு சொன்ன?"

அவள் காபி டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"ஓட்டு உன் வேலை அக்கா. எனக்குப் புரியுது. உன் எடத்துல இருந்தா நானும் அதையேதான் போட்டிருப்பேனோ என்னவோ. ஆனா அந்த வார்த்தை உன் வேலை இல்லையே. அதை நம்பி நான் பசங்க அத்தனை பேர்கிட்டயும் சொன்னேன், எங்க அக்கா இருக்கான்னு." குரல் உயரவே இல்லை. "அந்தப் பெரிய மனுஷனை நான் என்ன பேச்சுப் பேசினேன். நீ பக்கத்துல பெட்டியை வச்சுக்கிட்டு நின்ன."

"தப்புதான்டா."

"போயிட்டு வா" என்றான். எழுந்து பின்பக்கம் போய்விட்டான்.

தம்பி மனைவி வாசல் வரை வந்தாள். "பேப்பர் இங்கயே இருக்கட்டும் அண்ணி" என்றாள். காபி அப்படியே ஆறிக் கிடந்தது.

மறுநாள் காலையில் அவன் துறைமுகக் கிளப்புக்குப் போய், பயிற்சிக்கு வந்திருந்த மஞ்சள் பையன்களின் முன்னாலேயே துறைமுகத்தாரிடம் மன்னிப்புக் கேட்டான் என்று அவள் கேள்விப்பட்டாள். யார் ஓட்டு என்பதை அவன் அங்கே சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை அவன் மனைவி அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போனாள்.

புதிய சீசன் தொடங்கியது. அவன் பச்சைச் சட்டையில் நன்றாகவே ஆடினான். ஆனால் அவள் இப்போது அவனுக்கு மேடம். மற்றவர்கள் இருக்கும்போது மட்டும் என்று முதலில் நினைத்தாள். தனியாக மாடிப்படியில் எதிர்ப்பட்டபோதும், "மேடம், பஸ் எத்தனை மணிக்கு?" என்றுதான் கேட்டான். கேட்டது மரியாதையாகத்தான் இருந்தது. அவள் மணி சொன்னாள். அவன் பந்தைப் பாய்ந்து பிடிக்கும்போதெல்லாம் தலைவர் அவள் முதுகில் தட்டி, "நல்ல வேலை பண்ணினம்மா" என்பார். அந்தத் தட்டு ஒவ்வொன்றும் அவளுக்கு அடியாக விழுந்தது.

ஒரு நாள் சலூன்காரர் ஒருவர் அவள் அறைக்கு வந்தார். மஞ்சள் அணிக்கு முப்பது வருட ரசிகர். ரசிகர்களே சேர்ந்து கிளப்பை மறுபடி தொடங்கப் போகிறார்கள், கடைக்கோடிப் பிரிவிலிருந்து. லீக்கில் பதிவு செய்ய நாற்பது பக்கப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"உங்க கீப்பர்தான் சொன்னாரு. இங்க ஒரு மேடம் இருக்காங்க, அவங்களுக்குத் தெரியாத விதியே கிடையாதுன்னு."

அவள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு மறுபடி அவர் பக்கமே தள்ளினாள்.

"நான் எழுதித் தர்றேன். ஆனா முதல்ல நீங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும்" என்று சொல்லி, ஓட்டு விஷயத்தைச் சொன்னாள். இரண்டாவது முறை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை.

சலூன்காரர் எழுந்தார். காகிதங்களைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தார். "எங்க ஆளுங்ககிட்ட சொன்னேன். சில பேர் உங்க பேரைக் கேட்டாலே எரிஞ்சு விழறாங்க. ஆனா வேற யாருக்கும் இந்தப் படிவம் புரியல" என்றார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?"

பதினோரு சாயங்காலம் இருவரும் உட்கார்ந்து எழுதினார்கள். பதிவு கிடைத்தது.

மஞ்சள் அணியின் முதல் ஆட்டம் ஒரு பொதுப் பூங்காவில் நடந்தது. கோடு கோணலாகப் போட்டிருந்தார்கள். அவள் மரத்தடியில், கூட்டத்தை விட்டுத் தள்ளி நின்றாள். தம்பி எதிர்ப்பக்கம் பழைய நண்பர்களோடு இருந்தான். ஆறுக்கு ஒன்று என்று மஞ்சள் தோற்றது. அந்த ஒரு கோலுக்கு ரசிகர்கள் போட்ட ஆட்டத்தைப் பார்த்து நடுவரே விசில் ஊத மறந்துவிட்டார்.

ஆட்டம் முடிந்து அவள் கிளம்பும்போது மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றோரமாகத் தம்பி நடந்து வந்தான். அவளைப் பார்க்காமல், காலியாக நின்ற கோல் கம்பங்களையே பார்த்தபடி நின்றான்.

"அந்தக் கீப்பர் பையன் கிளவுஸ் கிழிஞ்சு போட்டிருக்கான். நம்ம ஸ்டோர்ல பழசு ஏதாவது கிடக்கா?"

"ரெண்டு ஜோடி இருக்கு. தலைவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்."

"கேளு" என்றான். கேளுங்க என்று சொல்லவில்லை. வாய் தவறி வந்ததா என்று அவன் முகத்தைப் பார்த்து அறிந்துகொள்ளும் துணிவு அவளுக்கு வரவில்லை. அவன் திரும்பிப் போய்விட்டான்.

திங்கட்கிழமை அலுவலகம் திறந்ததும் அவள் முதல் வேலையாகத் தலைவர் அறைக்குப் போனாள்.