ஒன்று குறைத்துச் சொன்னவள்

நன்மங்கலம் காடு, சக்திவேலைப் பதினோரு மாதம் வெளியே விடவில்லை. அப்போது அவனுக்கு நான்கு வயது. மேடவாக்கத்தில் ஆறாவது மாடியில் குடியிருந்த சிவகுமாரும் ஹேமாவதியும், ஒரு ஞாயிற்றுக்கிழமை முறைப்படி அனுமதி வாங்கி, இட்லியும் மிளகாய்ப்பொடியும் கட்டிக்கொண்டு, அவனையும் ஆறு வயது சின்மயியையும் காட்டுக்குள் நடக்கக் கூட்டிப் போனார்கள். சிவகுமார் பிள்ளைகளோடு வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தபோது, வாசலில் வனத்துறை வாட்சர் சுந்தர்சிங் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். ஹேமாவதி "ஒண்ணுதாண்ணா" என்றாள். கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது; அதனால் யார் கேட்டாலும் ஒன்று குறைத்துச் சொல்வது அவள் வழக்கம். பின்னாலேயே இரண்டு பிள்ளைகள் ஓடிவந்ததைப் பார்த்து சுந்தர்சிங் சிரித்துவிட்டு வழிவிட்டார். காடு மட்டும் அவள் சொன்னதை நம்பிவிட்டது.

காலையெல்லாம் நன்றாகத்தான் போனது. காரைமுள் சட்டையைக் கிழித்தது, பழைய கல்குவாரிக் குட்டையில் மீன் பார்த்தார்கள். திரும்பும்போது சின்மயி கேட்டைத் தாண்டிவிட்டாள். அவள் பின்னால் கேட்டுக்கு வெளியே கால் எடுத்துவைத்த சக்திவேல், அந்தக் காலை ஊன்றியது குட்டைக்கரையில். ஹேமாவதி ஓடிப்போய் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். கேட்டைத் தாண்டியதும் இடுப்பு காலி. குட்டைக்கரையில் நின்று "அம்மா, இன்னொரு வாட்டி!" என்று சிரித்தான். நாற்பதாவது வாட்டி அழுதான்.

மற்றவர்கள் போகலாம், வரலாம். அவன் மட்டும்தான் முடியாது. குட்டையோரம் தார்ப்பாய் கட்டி, பகலில் ஹேமாவதியும் இரவில் சிவகுமாரும் அவனோடு இருந்தார்கள். எலுமிச்சம்பழம் அறுத்தார்கள், தாயத்து கட்டினார்கள். "எனக்கு ரெண்டு பிள்ளைங்க!" என்று அவள் கேட்டில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மழைக்காலம் போனது, பள்ளிக்கூடம் திறந்தது, பையனுக்குச் செருப்பு சிறிதாகிப்போனது. தன் வாயே தன் பிள்ளைக்கு எமனாகிவிட்டதே என்று ஹேமாவதி பாதி நாள் சோறு தொடவில்லை.

"இன்னாம்மா நீ," என்றார் சுந்தர்சிங் ஒருநாள். "அன்னிக்கு ஒண்ணுன்ன, இப்போ ரெண்டுன்ற. மெய்யா எத்தினி?"

சின்மயிக்கு முன்னால் ஹேமாவதிக்கு ஒன்று பிறந்திருந்தது. ஒன்பது நாள் இருந்து, பேர் வைக்கும் முன்பே போய்விட்டது. போனதை எண்ணக் கூடாது என்று வீட்டில் சொல்லிவைத்ததால், எட்டு வருடமாகப் புருஷனிடம்கூட அவள் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. மனசுக்குள் மட்டும் ஒரு பேர் வைத்திருந்தாள்.

"மூணுண்ணா," என்றாள். "மூத்தவ பேரு தீபா." சொல்லிவிட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

சக்திவேல் வெளியே வந்தான், எட்டு வயதுப் பெண்ணொருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு. அவளுக்கு அப்படியே சிவகுமாரின் மூக்கு. பாவாடையெல்லாம் காரைமுள். பசிக்கிறது என்றாள்.

இப்போது பள்ளிக்கூட ஆட்டோ அந்த அடுக்ககத்தில் மூன்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது. லிஃப்டில் யாராவது எத்தனை என்று கேட்டால், ஹேமாவதி மூன்று என்கிறாள். கண் பட்டால் படட்டும்.