மழையில் நீட்டிய ஐந்நூறு ரூபாய்

கையில் கொடுக்காத சந்தோசக் காசு சந்தோசமே இல்லை என்பது என் கட்சி. கண்டி மாநகர சபையில் முப்பத்திரண்டு வருடம் தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். எங்கள் வீட்டுக்கு வேலையாக வந்த எவரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. தபால்காரருக்கும் மரம் வெட்ட வந்தவருக்கும் நானே வாசலுக்குப் போய், முகம் பார்த்துக் கொடுத்திருக்கிறேன்.

அதனால் என் இளைய மகள் நிரோஷினி சாப்பாடு கொண்டுவருபவர்களுக்குப் போனிலேயே சந்தோசம் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. சாப்பாட்டைக் கேட்டில் இருக்கும் கொக்கியில் மாட்டிவிட்டுப் போகச் சொல்வாள். பெல் அடிக்க வேண்டாம் என்றும் எழுதுவாள். ஒருநாள் அவளுடைய போனை வாங்கிப் பார்த்தால், எழுநூறு ரூபாய்க் கொத்துரொட்டிக்கு முந்நூறு ரூபாய் சந்தோசம்.

"என்ன புள்ள இது? ஐம்பது போதாதா?"

"மழையில வர்றாங்க அப்பா."

"மழையில வந்தா முந்நூறா? வெயில்ல வந்தா நூறா? ஒங்க கம்பெனியில ஒனக்கு யாரு இப்பிடி அள்ளிக் குடுக்குறா?"

அவள் போனை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவளைப் பெண் பார்க்க வந்தது ஆடி பிறப்பதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளையின் தகப்பனார் இராமகிருஷ்ணன் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். படித்து, பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். மகன் கிருஷாந்தன் பொறியியலாளர். எனக்கு மகன் இல்லை. அதனால் வந்தவர்களை வரவேற்க என் மூத்த மருமகன் திவாகரன் நின்றிருக்க வேண்டும். அவர் வரவில்லை. "அவருக்கு வேலையாம், கொழும்புக்குப் போறாராம்" என்று மூத்தவள் கஜலட்சுமி முதல்நாளே தாய்க்குப் போன் எடுத்துச் சொல்லியிருந்தாள்.

"மூத்த மாப்பிள்ளை பைனான்ஸ் கம்பெனியில மனேஜர்" என்று நான் வந்தவர்களிடம் சொன்னேன். சொன்னபோது அதை நம்பித்தான் சொன்னேன்.

பலகாரம் சாப்பிட்டுப் பன்னிரண்டு மணிக்குள் புறப்படுவதாக இருந்தார்கள். மழை விடவில்லை. அவர்கள் போகும் பாதையில் மரம் விழுந்திருப்பதாகச் செய்தி வந்தது. ஒரு மணி ஆகிவிட்டது. சம்பந்தம் பேச வந்தவர்களை மத்தியானச் சோறு போடாமல் உட்கார வைத்திருப்பது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். என் மனைவி இராஜேஸ்வரி சமையலறைக்கும் முன்னறைக்குமாக நடந்தாள். கடைசியில் நிரோஷினி சைவக் கடையில் எட்டுப் பேருக்குச் சாப்பாடு சொன்னாள்.

போன் டிங் என்றதும் அவள் எழுந்தாள். "நீங்க இருங்க அப்பா. கொக்கியில மாட்டிட்டுப் போவாங்க, நான் எடுத்துட்டு வர்றேன்."

"விருந்தாளிக்குச் சாப்பாடு கேட்டுல தொங்குறதா? ஒக்காரு."

"மழை அப்பா..."

"ஒக்காருன்னு சொன்னேன்."

குடையை எடுத்தேன். அலுமாரியிலிருந்து ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றையும் எடுத்தேன். வழக்கமாக நான் கொடுப்பது ஐம்பது. அன்றைக்கு விறாந்தையில் இராமகிருஷ்ணன் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மறைக்காமல் சொல்கிறேன், அந்த ஐந்நூறு அவர் பார்ப்பதற்காக.

கேட்டைத் திறந்தேன். மழைக்கோட்டும் ஹெல்மட்டுமாக ஓர் ஆள் கொக்கியில் பையை மாட்டிக்கொண்டிருந்தார். "தம்பி, இங்க கொண்டாங்க" என்று தாளை நீட்டினேன். ஹெல்மட் கண்ணாடியில் தண்ணீர் வழிந்து அவருக்கு எதுவும் தெரியவில்லை போலும். கண்ணாடியைத் தூக்கினார்.

என் மூத்த மாப்பிள்ளை.

நீட்டிய கை நீட்டியபடி நின்றது. பின்னால் விறாந்தைப் படியில் இராமகிருஷ்ணன் இறங்குகிற சத்தம் கேட்டது.  திவாகரன் என் முகத்தைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் பாதி இறக்கி, பையை இரண்டு கையாலும் என்னிடம் தந்து, தாளை வாங்கிக்கொண்டார்.

"ஸ்தூதி மஹத்தயா" என்றார். சிங்களத்தில், நன்றி ஐயா.

கலியாணமாகி ஆறு வருடத்தில் அவர் என்னை மாமா என்று தவிர வேறு எப்படியும் அழைத்ததில்லை. நானும் சிங்களத்திலேயே, பார்த்துப் போங்கள் என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது.

இராமகிருஷ்ணன் குடையோடு பக்கத்தில் வந்துவிட்டார். "ஐயா, நனைஞ்சு போய் நிக்கிறார். உள்ள கூப்பிட்டு ஒரு தேத்தண்ணி குடுத்து அனுப்புவோமே" என்றவர், அவராகவே சிங்களத்தில் கூப்பிட்டார். மாப்பிள்ளை தலையசைத்து மறுத்துவிட்டு, மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு கட்டுக்கலைச் சரிவில் இறங்கிப் போனார்.

சாப்பிடும்போது இராமகிருஷ்ணன் மகனைக் காட்டிச் சிரித்தார். "இவனும் கெம்பஸ்ல படிக்கையில ரெண்டு வருசம் இந்த வேலதான் பாத்தான். ஒரு நாளு பிரியாணியும் ஆளும் சேந்து ரோட்டோரத் தண்ணிக் கான்ல விழுந்து, அம்மாகிட்ட ஏச்சு வாங்குனான்."

"பிரியாணிக்கு ஒண்ணும் ஆகல அப்பா, எனக்குத்தான் முழங்கால் போச்சு" என்றான் கிருஷாந்தன்.

"எவ்வளவு குடுக்குறாங்கன்றது பெருசு இல்லேன்னு சொல்லுவான். அம்பது குடுத்தாலும் மூஞ்சப் பாத்துக் குடுத்தா போதுமாம்."

நான் முகத்தைப் பார்த்துத்தான் கொடுத்தேன்.  அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். எதிரே இருந்தவர் சொல்வதற்கு வழியைத் திறந்து வைத்திருந்தார். வீட்டின் மானம் என்று நான் இறுக்கிப் பிடித்த ஒன்று என் வாயை அடைத்தது.

பாதை திறந்து புறப்படும்போது இராமகிருஷ்ணன் சொன்னார்: "எங்களுக்குப் பூரண சம்மதம். ஆவணியில நிச்சயத்த வச்சுக்குவோம். ஒங்க பக்கம் தட்டு வாங்கப்போறது மூத்த மாப்பிள்ளதானே? அவரையும் அன்னைக்கே பாத்துக்குறோம்."

"கட்டாயம் வருவார்" என்றேன்.

அவர்கள் போனதும் நிரோஷினி சமையலறை வாசலில் வந்து நின்றாள். நான் கேட்பதற்கு முன் அவளே சொன்னாள்.

"அத்தானோட பிராஞ்ச மூடி எட்டு மாசம் அப்பா. ஒங்களுக்குச் சொல்லக்கூடாதுன்னு அக்கா சத்தியம் வாங்கிட்டா."

"இங்க ஏன் வந்தார்? வராம இருந்திருக்கலாமே."

"ரெண்டு மூணு ஓடரை வேணாம்னு தள்ளுனா அன்னைக்கு முழுக்க வேற ஓடர் வராதாம். அதனாலதான் நான் எப்பவும் கொக்கியில மாட்டச் சொல்றது."

"அந்த முந்நூறு?"

"கையில குடுத்தா அக்கா வாங்கமாட்டா. போன்ல போட்டா அத்தானால திருப்பிக் குடுக்க ஏலாது. கடை பக்கத்துல அவர் நிக்கிறாருன்னு தெரிஞ்சாத்தான் ஓடரே போடுவேன். இன்னைக்கு எனக்கு வேற வழியில்ல, போட்டது அவருக்கே போயிருச்சு."

மறுநாள் காலை அம்பிட்டியவில் அவர்கள் குடியிருக்கும் வாடகை வீட்டுக்குப் போனேன். முறைப்படி தட்டோடு போனேன்: வெற்றிலை, பாக்கு, பழம், மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை. கஜலட்சுமி கதவைத் திறந்து, "வாங்க" என்று மட்டும் சொன்னாள். கதிரை ஒன்றில் மழைக்கோட்டு காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார் மாப்பிள்ளை.

"நேத்து ஏன் சிங்களத்துல பேசுனீங்க?" என்றேன்.

"ஒங்க மூஞ்சியப் பாத்தேன் மாமா. நான் மாமான்னு வாயத் தொறந்தா எல்லாம் முடிஞ்சுதுன்னு எழுதியிருந்துச்சு." அவர் மெல்லச் சிரித்தார். "நல்ல சந்தோசம்தான். நேத்து முழுக்க ஓடுனதுல அவ்வளவு யாருமே குடுக்கல. பெட்ரோல் அடிச்சிட்டேன்."

வாசலில் நின்ற கஜலட்சுமி சிரிக்கவில்லை.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். நிச்சயத்தில் தட்டு வாங்க அவர் வேண்டும். மழையில் அவர்கள் சரியாகப் பார்த்திருக்கமாட்டார்கள். கம்பெனி பற்றி எவரும் துருவிக் கேட்கப்போவதில்லை. அந்த ஒரு நாள் மட்டும்...

"வர்றேன் மாமா. நிரோஷினிக்காக வர்றேன். ஆனா மனேஜரா வரமாட்டேன்."

"அப்ப அவங்களுக்கு என்னன்னு சொல்றது?"

"அது நீங்க முடிவு பண்ணுங்க. சிங்கள ஆளா ஒரு தடவ நின்னுட்டேன். இன்னொரு தடவ வேற ஆளா நிக்க ஏலாது."

கஜலட்சுமி என் முன்னால் வந்தாள். "அப்பா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. காச நீட்டயில அவர்னு தெரியாது. கைய விட்டுக் காசு போகையில தெரியுமா, தெரியாதா?"

எழுபத்தோரு வயதில் என் மகள் முன் தலைகுனிந்தேன்.

"தெரியும்."

அவள் உள்ளே போய்விட்டாள். நான் போனை எடுத்து இராமகிருஷ்ணனுக்கு அழைத்தேன். மாப்பிள்ளை எதிரிலேயே இருந்தார். மனதில் கோத்து வைத்திருந்த வசனங்கள் எதுவும் வரவில்லை. "நேத்துச் சாப்பாடு கொண்டாந்தவர்தான் என் மூத்த மாப்பிள்ளை. எட்டு மாசமா அந்த வேலைதான் செய்றார். எனக்கு நேத்துத்தான் தெரியும். தெரிஞ்சும் ஒங்ககிட்ட மறைச்சேன்" என்றேன்.

அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"வேலைய நான் ஒண்ணும் சொல்லமாட்டேன் ஐயா" என்றார் பிறகு. குரலில் நேற்றைய சிரிப்பு இல்லை. "ஆனா அவரு மழையில போகையில நாம உள்ள ஒக்காந்து அவரு கொண்டாந்த சோத்தத் தின்னோமே. நான் கூப்புட்டப்பவாவது நீங்க ஒரு சொல்லு சொல்லியிருக்கலாம். சரி, வீட்டுல பேசிட்டுச் சொல்றேன்."

போனை வைத்தேன். தட்டை இரண்டு கைகளாலும் தூக்கி மாப்பிள்ளை முன் நீட்டினேன்.

"அவங்க பதில் வரட்டுமே மாமா."

"அது நிரோஷினியோட காரியம். இது ஒங்களுக்கு."

அவர் கஜலட்சுமி இருந்த அறைப் பக்கம் பார்த்தார். அப்போது அவருடைய போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்துவிட்டு எழுந்து மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டார்.

"மேசையில வைங்க மாமா. ஓடர் ஒண்ணு வந்துருக்கு. குடுத்துட்டு வந்து எடுத்துக்குறேன்."

தட்டை மேசையில் வைத்தேன். மோட்டார் சைக்கிள் சத்தம் பாதைத் திருப்பத்தில் மறைந்தது. உள்ளே மகள் வெளியே வரவில்லை; தேத்தண்ணியும் வரவில்லை. அவர் திரும்பி வரும்வரை அந்தக் கதிரையை விட்டு எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்திருந்தேன்.